சின்னப்பா தரையிறங்கிய விதம்

சமையல்காரர் சின்னப்பா 1889ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்டதிலிருந்து தரைக்கு ஒன்றரை அடி மேலே நின்றுகொண்டிருந்தார். கயிற்றை அறுத்தும் ஆள் விழவில்லை. மிதந்தபடியே வீடு திரும்பி, இன்று மர்பி டவுன் என்கிறார்களே, அங்கே ஒரு கறிக்கடைக்கு எதிரில் நின்றுவிட்டார். விக்டோரியா ராணியின் அதிகாரிகள் ‘தண்டனை நிறைவேறியது’ என்று வழக்குக் கோப்பில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். பின்னால் வந்த நம்மவர்கள் அந்தக் கோப்பையும் தொலைத்தார்கள். தான் சமைத்துப்போட்ட வெள்ளைக்காரத் துரையின் மனைவியைக் குத்திக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. தான் கொல்லவில்லை என்று யாராவது நிரூபித்தால் கால் தரையில் படும் என்று மழையிலும் வெயிலிலும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து தலைமுறைத் தாய்மார்கள் கொலைகாரன் என்று அவரைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்கள்.

துப்பறிய ஆளில்லாமல் இல்லை. சீனிவாசராகவன் தலைமையிலான பழம்பெருமைக் கழகம் அந்தக் கொலையை இருபது வருடம் ஆராய்ந்தது. துரையின் சாரட்டு வண்டி என்ன நிறம் என்பதுவரை கண்டுபிடித்தது. கொலையாளி போட்டிருந்தது என்று தீர்ப்புக்கு ஆதாரமான ரத்தக்கறைச் சட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ‘சமையல்காரனின் சட்டை’ என்று பித்தளையில் பொறித்தது. ஒரு மேதாவியாவது சின்னப்பாவை அண்ணாந்து பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

சின்னப்பாவின் காலடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவள் சோனியா. அவர் சொல்வதைத் தினமும் கேட்டவள் அவள் ஒருத்திதான். கழகத்தின் ஆண்டுவிழாப் புகைப்படத்துக்குச் சட்டை சுருக்கமாக இருக்கிறதாம். கொலைச் சாட்சியத்துக்கு இஸ்திரி போட அவளைக் கூப்பிட்டார்கள். அவ்வளவு அறிவு. சோனியா வழக்கம்போல முதலில் காலரைத் திருப்பினாள். சேங்கொட்டை மையில் மூன்று புள்ளி, ஒரு கோடு. வெளுக்கப் போகும் துணிகள் கலந்துவிடாமல் வீட்டுக்கு வீடு போடும் குறி அது. அவள் அப்பாவும் அப்படித்தான் போட்டார்.

“சார், இது சின்னப்பா சட்ட இல்ல, தொரையோடது. உள்காலர்ல குறி இருக்குது பாருங்க. வேலைக்காரங்க துணிய யாரு வெளுக்கப் போடுவாங்க? அவங்களே தொவச்சிக்குவாங்க.”

சீனிவாசராகவன் சிரித்தார். “பழசைத் துரை தானமாகக் கொடுத்திருப்பாரும்மா. நீ வேலையைப் பாரு.”

“குடுத்திருந்தா குறிய வெட்டிட்டுதான் சார் குடுப்பாங்க. குறியோட போட்டுக்கினு போனா திருடன்னு புடிச்சிக்குவாங்களே. அதுவுமில்லாம, கஞ்சி இன்னும் மொடமொடன்னு இருக்குது. அடுப்புகிட்ட நிக்கிறவரு கஞ்சி போட்ட சட்டயா போட்டுக்குவாரு?”

இஸ்திரிக்காரியின் பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாமா என்று ஆராயக் கழகம் ஒரு துணைக்குழு அமைத்தது. அது இன்றும் காபி குடித்துக்கொண்டிருக்கிறது. சோனியா காத்திருக்கவில்லை. நேரே வந்து, “அண்ணா, பொண்டாட்டியக் கொன்னது தொரதான். நீங்க எறங்கலாம்” என்றாள். சின்னப்பா இறங்கினார். முதலில் கட்டைவிரல், பிறகு குதிகால். ஜல்லி குத்தியது. அவர் வாய்விட்டு அழுதார். சோனியாவுக்கும் அழுகை வந்தது. கறிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எடை போடத் திரும்பினார்.

மறுநாள் காலை சின்னப்பா பால் வாங்கப் போனார். வரிசை என்ற ஒன்று அவருக்குத் தெரியாது. நேரே முன்னால் போய் நின்றார். பின்னால் நின்ற பெண் சீறினாள்: “யோவ், நாங்கல்லாம் மனுசங்களாத் தெரியல? பின்னாடி போய்யா!”

சின்னப்பா சந்தோஷமாகக் கடைசியில் போய் நின்றுகொண்டார்.