அழியாத கறுப்பு

திருப்பதி அலிபிரிப் பக்கத்தில் கௌசிகா இருந்த வாடகை வீட்டுக்கு மாமனார் சாரங்கபாணி வந்தது அன்றுதான் முதல் தடவை. மகன் ராம்ப்ரசாத் உயிரோடு இருந்தவரை இந்தத் தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். மகன் புத்தூர்க்காரி ஒருத்தியை, அதுவும் வேறு சாதியில், கட்டிக்கொண்டான். நெற்றியில் திருமண் இடுவதையும் விட்டான். இரண்டில் எது பெரிய குற்றம் என்று அவராலேயே சொல்ல முடிந்திருக்காது. தினமும் பெருமாள் முன்னால் நின்று பாசுரம் சொல்கிற மனிதருக்குக் கோபத்தை வைத்துக்கொள்ள மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு இடம் கிடைத்ததோ.

அவர் கையில் சுருட்டிய தாள் இருந்தது. அதைப் பார்த்ததுமே கௌசிகாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வரைந்த படம் அது.

மகன் பிழைக்க மாட்டான் என்று தெரிந்த பிறகுதான் அப்பா மருத்துவமனைக்கு வந்தார். வாசலில் தயங்கி நின்றவரை ராம்ப்ரசாத் தலையைத் திருப்பிப் பார்த்தான். கோபமில்லை, கெஞ்சலுமில்லை. சாப்பிடக் கூப்பிட வந்த அப்பாவைப் பிள்ளை பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பாடப்புத்தகங்களுக்குப் படம் போடுகிற கௌசிகா, கையில் கிடைத்த பவுண்டன் பேனாவால் அதை அப்படியே தாளில் பிடித்துவிட்டாள்.

அதிலிருந்தது கறுப்புச் சாய மை. பேனாவில் தடங்கலில்லாமல் ஓடும், ஈர விரலால் தொட்டால் ஊதா நிழலாகப் படரும். ஆனால் எத்தனை வருஷம் ஆனாலும் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அழியாத கறுப்பு வேண்டுமென்றால் இந்தியன் இங்க். புகைக்கரியும் அரக்கும் சேர்ந்தது. காய்ந்துவிட்டால் தண்ணீரின் ஜம்பம் அதனிடம் பலிக்காது. பவுண்டன் பேனாவில் ஊற்றினாலோ பேனா அடைத்து அன்றோடு சரி. புட்டியில் தொட்டுத் தொட்டுத்தான் வரைய வேண்டும். சாகிறவன் தலைமாட்டில் மைப்புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யார் உட்காருவார்கள்?

அன்றைக்கு மருத்துவமனையில் அப்பா திருமண் இட்டுவிடட்டுமா என்று கேட்டார். "ஆத்துக்கு வந்து இட்டுக்கறேம்ப்பா" என்றான் ராம்ப்ரசாத். அவன் வீடு திரும்பவில்லை.

காரியங்கள் முடிந்ததும் அவர் கேட்டது இந்தப் படத்தை மட்டும்தான். தண்ணீர் படக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தாள். கொடுக்குமுன் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம். அழுதுகொண்டிருந்தவளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? அவனுடைய போட்டோக்கள் நிறையவே இருந்தன. அந்தப் பார்வை எதிலும் இல்லை.

சாரங்கபாணி தாளை மேசைமேல் விரித்தார். படத்தின் நெற்றியில் வெள்ளை மண் அப்பியிருந்தது. புருவமும் கண்களும் ஊதாக் குழம்பாகக் கன்னத்தில் வழிந்து, துடைத்த தடத்தோடு காய்ந்திருந்தன.

"கட்டியாத்தாம்மா குழைச்சேன்" என்றார். "ஜலம் படப்படாதுன்னு சொன்னியே. ஒரு சொட்டுதான் விட்டேன். கார்த்தால நான் இட்டுக்கறச்சே வெறும் நெத்தியோட பாத்துண்டே இருந்தான். தாங்கலை. ஓடறதேன்னு மேல்துண்டால ஒத்தினேன், இன்னும் மோசமாயிடுத்து."

"சொல்லிக்கினே தானே மாமா குடுத்தேன்" என்றாள். அவரிடம் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபின் அது முடியவில்லை.

"நீ போட்டதுதானே. திருப்பிப் போட்டுடுவியோன்னோ?"

முடியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்தாள். காய்ந்த மண்ணைத் தட்டிவிட்டு, அக்ரிலிக் வெள்ளைப் பெயிண்டால் கறையை மூடினாள். அந்த வெள்ளை எதையும் மூடும். மூடியதைத் திருப்பித் தராது. அது காய்ந்ததும் இந்தியன் இங்க் புட்டியைத் திறந்து நிப்பைத் தோய்த்தாள். இனி தவறினால் அழிக்க முடியாது. கண்ணை மூடி அவன் தலையைத் திருப்பியதை நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வந்தது மூக்கில் சொருகியிருந்த குழாய்தான்.

வரைந்தாள். சுத்தமான கோடுகள், அளவெடுத்த இரண்டு கண்கள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆளுக்கு அவள் போடுகிற கண்கள். தன் கையாலேயே புருஷனை இரண்டாவது தடவை தொலைத்துவிட்டாள்.

சாரங்கபாணி நாற்காலியை நகர்த்தி வந்து படத்தின்முன் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுப்பு மடியிலிருந்து திருமண் கட்டியை எடுத்தார்.

"இந்த மை கரையாதா?"

"கரையாது மாமா. இப்ப தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. இட்டு வுடுங்க."

அவள் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் உள்ளங்கையில் மண்ணைக் குழைத்து, விரலை நெற்றிவரை கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றது. பிறகு மடங்கிக்கொண்டது.

"வேண்டாம்மா" என்றார். "இவர் யாரோ."