வெள்ளைத் திராட்சை சேர்க்காத கதை

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. யாரோ ஒரு பணக்காரர் நெல்லாவின் 1971ஆம் வருடச் சிவப்பு ஒயினை ஏலத்தில் எடுத்து, இரும்பறையில் பூட்டி வைத்திருக்கிறார். குடிக்க மாட்டாராம். சேகரிப்பாம். இத்தாலியின் டஸ்கனியில் எனக்கு அடுத்த வீடு நெல்லாவுடையது. போய்ச் சொன்னேன்.

"பூட்டி வெக்கவா நான் ஊரப் பகைச்சுக்கிட்டேன்?" என்றாள்.

2

'பனி விலகிய குன்றுகளின் மேல் சூரியன்...' வேண்டாம். அஞ்சலட்டை விற்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

மறுபடி. 1971, அறுவடை முடிந்த சமயம். நொதிக்கும் தொட்டியருகே கூடை நிறைய வெள்ளைத் திராட்சை. சிவப்போடு அதையும் கலந்தால்தான் பாட்டிலில் வட்டாரத்தின் பெயரைப் போடலாம் என்பது விதி. கலக்காவிட்டால் கடைசித் தரம். வாங்க ஆள் வராது, தோட்டமே கைவிட்டுப் போகலாம்.

"கொட்டுக்கா," என்றான் தம்பி துயீலியோ. "ஊரே கொட்டுது. உனக்கு மட்டும் என்ன கொம்பா?"

"கலந்தா நீர்த்துப் போகுதுடா. நம்ம மண்ணு என்ன ருசின்னு ஒரு தடவையாவது பாக்க வேண்டாமா?"

"பேரு போயிடும்."

"போகட்டும். என் பேரப் போடுறேன்."

கூடையைத் தூக்கிப்போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அன்று அந்தப் பக்கத்து உப்பில்லாத ரொட்டிக்கு அந்தத் திராட்சைதான் துணை.

(முதலில் துயீலியோவைக் கோழையாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தோட்டத்தில் பாதி அவனுடையது. பயப்பட அவனுக்கு உரிமை உண்டு.)

3

வட்டாரப் பெயரை வழங்கும் ஒயின் சங்கத்துக்காகச் சுவை பார்க்கும் பால்தசீனி ஒரு வாய் எடுத்துத் துப்பினார். துப்புவது அந்தத் தொழிலின் வழக்கம்தான். இவர் கொஞ்சம் சத்தமாகத் துப்பினார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நம்ம ஊரு ஒயின் மாதிரி இல்லியே."

"இதுல நம்ம ஊரத் தவிர வேற எதுவுமே இல்லியே!"

பெயர் கிடைக்கவில்லை. தோட்டச் சரிவின் கீழ்ப்பாதியை விற்றுத்தான் அடுத்த அறுவடையைப் பார்த்தார்கள். பிறகு அந்த ஒயின் பாட்டிலுக்குள் வருடக்கணக்காக முதிர்ந்தது. வெளியூர்க்காரர்கள் தேடி வந்தார்கள். அப்புறம் பள்ளத்தாக்கே அவளைப் பார்த்து வெள்ளையை நிறுத்தியது. கடைசியாக விதியும் மாறியது.

4

பதிப்பாசிரியர் கேட்கிறார்: "சங்கம் வந்து மன்னிப்புக் கேக்கட்டுமே. கொஞ்சம் இனிப்பு சேருங்க சார்."

முயன்றேன். 'சங்கத் தலைவர் நெல்லாவின் கையைப் பற்றி, கண்கள் கலங்க...' மேலே எழுதக் கை வரவில்லை. அவர்கள் உண்மையில் வந்தார்கள்தான். மன்னிப்புக் கேட்க அல்ல, அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே 1971 பாட்டிலைக் கேட்க. வட்டாரத்தின் பெருமை என்று எழுதி அருங்காட்சியகத்தில் வைப்பார்களாம். கண்ணாடிப் பெட்டிகூடத் தயார்.

"அன்னிக்குப் பேரு குடுக்கல. இன்னிக்கு எனக்கு அந்தப் பேரு வேண்டாம்," என்றாள் நெல்லா. அவர்கள் எதிரிலேயே கார்க்கை இழுத்தாள்.

"ஐயோ, அக்கா!" என்றான் துயீலியோ, அதே பழைய குரலில். ஆனால் கோப்பையை முதலில் நீட்டியவனும் அவன்தான்.

நானும் குடித்தேன். அமுதமா, காடியா? சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் வெள்ளை சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பதிப்பாசிரியர் கோபித்துக்கொள்ளட்டும்.

சங்கத்தின் கண்ணாடிப் பெட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. முடிவு வேண்டுமென்றால், உங்களுடையதைக் கொண்டுபோய் அதில் வையுங்கள்.