கிளை அலுவலகத்தின் மேல் ஒரு பிராது

"அப்பா, நாம குடுக்க வேண்டிய காசையும் சாமிக்கு எழுதணுமா?"

கொளஞ்சியப்பர் கோயிலில் ஏழு வயது இளமதி ஒருநாள் இப்படிக் கேட்டாள். கோதண்டபாணி பிராது எழுதும் மும்முரத்தில் இருந்தார். விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. அநியாயம் நடந்தால் முருகனுக்கே மனு எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வரலாம். எதிராளி இருக்கும் தூரத்துக்கும் சேர்த்துக் கட்டணம்.

கோதண்டபாணிக்கு நடந்த அநியாயம், வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்டதுதான். அவருடைய பீங்கான் பொம்மைப் பட்டறைக்கு ஒரு நிதி நிறுவனம் ஈடு ஏதுமில்லாமல் இரண்டு லட்சம் கொடுத்தது. பதினான்கு தவணை கட்டினார். ஆர்டர் குறைந்ததும் நிறுத்திவிட்டார். "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்று கொஞ்சிய நிறுவனம், அவரைப் "பிரதிவாதி" ஆக்கிக் கோர்ட்டுக்குப் போனது.

தலைமை அலுவலகம் மும்பையில். அத்தனை தூரத்துக்குக் கட்டணம் கட்ட மனம் வராமல், பாலக்கரையில் செல்போன் கடை மாடியிலிருந்த கிளையின் மேல் பிராது எழுதினார். கடவுளிடம் போகும்போதும் கிலோமீட்டர் பார்க்கிற பக்தி.

கோர்ட் சம்மனைப் பட்டறையில் வண்ணக் கிண்ணங்களுக்கு அடியில் விரித்தார். பொம்மைகளுக்குக் கண் எழுதும் கண்ணம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அதற்குப் பத்திரமும் இல்லை, சம்மனும் வராது. ஆகவே கோதண்டபாணி அதைக் கடன் என்றே நினைத்ததில்லை.

"அண்ணே, நாளைக்குன்னு தேதி போட்டிருக்குதே?"

"பிராது கட்டியாச்சும்மா. சாமி பாத்துக்கும்."

"சாமி பாத்துக்கும். ஜட்ஜு உங்களைத்தானே கூப்புட்டிருக்காரு?"

அன்றே அவரை இலவச சட்ட உதவி மையத்துக்கு இழுத்துப் போனாள். பிராது கட்டிய கதையையும் அவளே சொல்ல, வழக்கறிஞர் அம்சவல்லி சம்மனை விரித்தார்.

"நாளைக்கு ஆஜராகலைன்னா நீங்க இல்லாமலே தீர்ப்பாயிடும். அப்புறம் சூளையை ஜப்தி பண்ண வருவாங்க. பணம் கட்டுன ரசீது எங்க?"

"வூட்டுல இருக்குதுங்க மேடம்."

"நல்லவேளை, பிராதுல சேத்துக் கட்டல. வேற யாருக்காவது பாக்கி இருக்கா? கம்பெனிகிட்ட குறைச்சுக் கேக்கணும்னா உங்க நெலமை முழுசாத் தெரியணும்."

கோதண்டபாணி மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

அம்சவல்லி கண்ணம்மாளிடம் திரும்பினார். "உங்களுக்குச் சம்பளம் ஒழுங்கா வருதாம்மா?"

"அதெல்லாம் அண்ணன் குடுத்துட்டாருங்க" என்றாள், முதலாளி நாலு பேர் முன்னால் கூனிக் குறுகிப்போகக் கூடாதென்று. அந்தப் பொய்யை ஆண்டவன் எழுதி வைத்திருந்தால், புண்ணியப் பக்கத்தில்தான் எழுதியிருப்பான்.

மறுநாள் ஆஜரானார். பிறகு பதில் மனு தாக்கலானது. மூன்று தவணைகளை நிறுவனம் கணக்கில் வரவு வைக்கவே இல்லை என்பது ரசீதுகளில் தெரிந்தது. லோக் அதாலத்தில் எழுபதாயிரத்துக்கு வழக்கு முடிந்தது.

"உங்களுக்காக ஸ்பெஷலா பண்றோம் சார்" என்றார் நிறுவன அதிகாரி. அன்று காலையில் அவர் ஸ்பெஷலாகப் பண்ணிய ஐந்தாவது ஆள் இவர்.

மனைவி பூர்ணிமாவின் சங்கிலியை விற்ற பணத்தில் அதைக் கட்டியதுபோகக் கொஞ்சம் மிஞ்சியது. கோதண்டபாணி தீர்ப்பு நகலை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார். "நாணயமான மனுஷன்யா" என்றார்கள். அவரும் மறுக்கவில்லை.

பட்டறைக்கு வந்து கண்ணம்மாளிடமும் நகலை நீட்டினார்.

"நல்லதாப் போச்சுண்ணே. சூளை தப்பிச்சுது." தூரிகையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு ஒரு எட்டு பெண்ணாடம் போயிட்டு வரேன். தம்பிகிட்ட கைமாத்து கேட்டிருக்கேன். வாடகை குடுக்கணும்."

குத்திக் காட்டவில்லை. அப்படிக் காட்டியிருந்தால் அவரும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பார். நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அவள் தூரிகைகளைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். கோதண்டபாணி மூன்று மாதச் சம்பளத்தை எண்ணி, அவளுடைய பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தார். அவள் திரும்பி வந்தபோது அவர் சூளைப் பக்கம் நின்று, ஏற்கெனவே மூடியிருந்த கதவை மறுபடியும் மூடிக்கொண்டிருந்தார்.