சமதரையில் ஒரு மேடு

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என் அக்கா. மீதிப் பாதி அவளிடம் திட்டு வாங்கி நடுவிலேயே ஓடிப்போனவர்கள். அப்படிப்பட்டவளுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. எதிரில் இருப்பது தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. அந்த ஓரத்து இருட்டு வரவர உள்ளே வந்துகொண்டே இருக்கும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே டிரைவிங் ஸ்கூலைப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை. அதில் தேறமாட்டோம் என்று அவளுக்கே தெரியும். அதற்குள் ஒரே ஒரு தடவை, தன்னுடைய பழைய காரை ஏரி ரோட்டில் தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். என்னை அதட்டித்தான் அவளுக்குப் பழக்கம். அன்றைக்குக் கேட்டாள்.

கார் என் ஷெட்டில்தான் நின்றது. நீண்ட மூக்கு, பால் அதிகமான டீயின் நிறம், அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அதுவும் தேய்ந்துபோய்ப் படுத்துவிட்டிருந்தது. நான் கியர்பாக்ஸ் மெக்கானிக். ஆட்டோமேட்டிக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டுகிறவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான். இதைத் தற்பெருமை என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும். என் வேலை சுத்தமான வேலை. கியர்பாக்ஸுக்குத் தூசிதான் முதல் எதிரி. பிரித்த கையோடு எல்லாத் துளைக்கும் ரப்பர் மூடி போட்டுவிடுவேன். பிள்ளை பிறந்தபோது அதன் மூக்கை அடைக்காமல் விட்டதே பெரிய விஷயம் என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பிரித்தேன், தேய்ந்ததையெல்லாம் மாற்றினேன், பூட்டினேன், சிவப்பு ஆயிலை ஊற்றினேன். ஓட்டிப் பார்த்தால் தலையில் இடி. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு வருவதற்குள் இன்ஜின் தொண்டை கிழியக் கத்துகிறது. மூன்றாவது வருவேனா என்கிறது. வந்தாலும் முதுகில் ஒரு குத்து விட்டுத்தான் வருகிறது. புதிதாகச் செய்த கியர்பாக்ஸ் இப்படிச் செய்தால், செய்தவன் எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது?

ஆயில் அளவைப் பார்த்தேன். சரி. உள்ளே டிரம்மைச் சுற்றிப் பிடிக்கிற பேண்டை இறுக்கினேன், தளர்த்தினேன். அதே குத்து. வேகத்தை அளந்து சொல்கிற கவர்னரைக் கழற்றினேன். கண்ணாடி போல இருந்தது. கீழ்த்தட்டை இறக்கி வால்வுகளையெல்லாம் கழுவி மறுபடி கோத்தேன். கார் அசைந்து கொடுக்கவில்லை. கோபத்தில் ஸ்பேனரை விட்டெறிந்தேன். பிறகு நானே போய் அதைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தேன். சுத்தக்காரனுக்குக் கோபப்படக்கூடக் கொடுப்பினை இல்லை.

மத்தியானங்களில் அக்கா வருவாள். காரின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருப்பேன். சக்கரங்கள் தரையைத் தொடாது. அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வாள். நான் பக்கத்தில் தரையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். தகரக் கூரையின் ஆணித் துளைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக விழும். சக்கரம் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு பொட்டும் டயரில் ஏறி, சுற்றி, இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தால் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்றே தெரியாது. ஷெட்டே எங்கேயோ மெதுவாகப் போய்க்கொண்டிருப்பது போல இருக்கும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவாள். இருந்த இடத்திலேயே ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி, இப்போது பேக்கரி தாண்டியாயிற்று, இப்போது பாலம், இங்கே பள்ளிக்கூடம், வேகம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போவாள். யாருக்குச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு மாணவன் இருப்பது போலவே தோன்றும். எனக்கும் அந்த ரோடு தெரிந்தது. பாலத்துக் கீழே தண்ணீர் இருந்தது. எழுந்துபோய் வேறு வேலை பார்க்க மனசு வராது.

புதன்கிழமை அப்படிப் போய்க்கொண்டிருந்தவள் சட்டென்று காலை எடுத்தாள்.

"தம்பி, ஏரி ரோடு சமதரைதானே?"

ஆமாம் என்றேன்.

"அப்புறம் ஏன்டா இது வழி பூரா மேடு ஏறிக்கிட்டே இருக்கு? எங்கடா கொண்டாந்து வச்ச அந்த மேட்ட?"

அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். இன்ஜினிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வந்து கியர்பாக்ஸின் பின்னால் இருக்கும் சின்னத் தகர டப்பாவில் சேரும். இன்ஜின் அந்தக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும். நன்றாக உறிஞ்சினால் சமதரை, சுகமாகப் போகிறோம் என்று கியர்பாக்ஸ் புரிந்துகொண்டு சீக்கிரமே அடுத்த கியருக்கு வரும். உறிஞ்சல் குறைந்தால் மேடு, பாரம் என்று நினைத்துக் கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறிஞ்சலே வராவிட்டால் அதற்கு உலகமே மேடுதான். நான் உள்ளே இருப்பதையெல்லாம் நோண்டியிருந்தேன். வெளியே விரல் பருமன் குழாயைத் தொடவே இல்லை. அதை மாட்டும்போது சிக்கென்று இறுக்கமாகப் போனது, அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட.

ஊர்ந்து போய்க் குழாயை உருவினேன். டப்பாவின் மூக்கில் நான் தூசிக்குப் பயந்து போட்ட கறுப்பு ரப்பர் மூடி, போட்டபடியே இருந்தது. அதன் மேலேயே குழாயை ஏற்றியிருக்கிறேன்.

கீழேயே கிடந்து சிரித்தேன். அக்காவிடம் மூடியைக் காட்டினேன். அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த லட்சணத்தில் உனக்கு ஒரு ஷெட்டு வேறு என்றாள். மனைவி காதில் மட்டும் போட வேண்டாம் என்று கெஞ்சினேன். சாயங்காலத்துக்குள் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் ஏரி ரோட்டுக்குப் போனோம். அதுவரை நான் ஓட்டினேன். ஏரி தொடங்குகிற இடத்தில் அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள், முதுகை நிமிர்த்தினாள், கிளம்பினாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது வந்தது. மூன்றாவது எப்போது வந்தது என்றே தெரியவில்லை. தண்ணீரில் மேகம் கிடந்தது. ரோடும் வானமும் ஒரே வெளுப்பு. நாங்கள் நகர்கிறோமா, ஏரிதான் எங்களைச் சுற்றித் திரும்புகிறதா என்று புரியாத ஒரு போக்கு. அக்கா முகத்தில் இருந்ததை என்னவென்று சொல்வது! சின்ன வயசில் மாமரத்து உச்சிக் கிளையில் உட்கார்ந்திருப்பாளே, அந்த முகம்.

ஓரத்திலிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். கேரியரில் சுருட்டிய மெத்தை. அவள் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். வேகம் குறையவில்லை.

"அக்கா, பிரேக்!"

மிதித்தாள். டயர் கத்தி நின்றது. மெத்தைக்கும் எங்கள் முகப்பு விளக்குக்கும் நடுவில் ஒரு கை புகும், அவ்வளவு இடம். அந்த மனிதர் எங்களை முறைத்தார், என்னவோ முணுமுணுத்தார், சைக்கிளை ஓரத்துக்கே திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்.

அக்கா நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா? போயிட்டாங்களா?"

அவள் கடைசிவரை அவரைப் பார்க்கவே இல்லை.

இன்ஜினை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். எல்லாம் முறைப்படி. பிறகு, தன்னிடம் படிக்க வந்தவன் இப்படி ஓட்டியிருந்தால் அங்கேயே இறக்கி விட்டிருப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. நாளைக்குத்தானே வெள்ளிக்கிழமை, ஆளில்லாத இடத்தில் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டேன் என்று உளறினேன்.

"நாளைக்கு வரைக்கும் ரோட்ல போறவங்க எல்லாம் எனக்காகப் பொறுத்துக்கணுமா?" என்றாள்.

கதவைத் திறந்து இறங்கினாள். பானெட்டின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி வந்தாள். கதவுக் கைப்பிடி சட்டென்று அகப்படவில்லை. நான் உள்ளிருந்து திறந்துவிட்டு ஸ்டியரிங் பக்கம் நகர்ந்துகொண்டேன். சாவி சூடாக இருந்தது.

வண்டியைக் கிளப்பினேன். வேலை சுத்தமாக இருக்கிறது என்றாள். அவள் வாயிலிருந்து இதுவரை அப்படி ஒன்று வந்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால்தான் நான் அழுவது அவளுக்குத் தெரியும், அதனால் திரும்பவில்லை.

பிறகு, ஓரத்தில் என்ன போகிறது என்று கேட்டாள்.

"தண்ணி இருக்கு."

"தண்ணி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? ஒழுங்கா பாத்துச் சொல்லுடா."

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏரியின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.