டோக்கியோவுக்குப் பதின்மூன்று மணி நேரம்

என் அண்ணன் இல்மாரி டோக்கியோவில் குடியேறிப் பதினாறு வருடம். அதில் ஹெல்சிங்கிக்கு வந்தது இரண்டே முறை. ரஷ்ய வானம் திறந்திருந்த காலத்தில் விமானம் ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடும். அப்போது, "அவ்வளவு நேரம் மடங்கி உக்காந்தா என் முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்பான். போரால் அந்த வானம் மூடி, விமானம் வடதுருவத்தைச் சுற்றிப் போய்ப் பதின்மூன்று மணி நேரமானதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "பதிமூணு மணி நேரம்! மனுஷன் வர்ற தூரமா இது?" அம்மாவின் அடக்கத்துக்கும் அதையே சொல்லிப் பூ அனுப்பினான். வெட்கங்கெட்ட அளவுக்குப் பெரிய பூங்கொத்து.

அப்பா வெய்க்கோ டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, டிக்குரிலாவில் தனியாக இருக்கிறார். போன செப்டம்பரில் காப்பி குடித்துக்கொண்டே, "அவனால வர முடியலன்னா நாம போவோம், ரைலி" என்றார்.

போனோம். நடுவழியில் என்னை உலுக்கி எழுப்பினார்.

"எந்திரி, கீழ துருவம்!"

"ஒண்ணுமே தெரியலையேப்பா."

"வெள்ளையாத் தெரியுதுல்ல, அதுதான்."

இல்மாரி அழைத்துப்போக வரவில்லை, ஏதோ கூட்டமாம். அவன் மனைவி சனாயே வந்தாள். எங்களோடு பேசுவதற்காகவே ஃபின்னிஷ் கற்றவள்.

இரவுச் சாப்பாட்டில் இல்மாரி ஆரம்பித்தான். "முதுகு பிடிச்சுக்கிச்சாப்பா? நான்தான் சொன்னேன்ல."

"நல்லாத் தூங்கினேன்" என்றார் அப்பா.

சனாயே மீனை அவர் தட்டில் வைத்தாள். "மே மாசம் இவர் போர்ச்சுகலுக்கு கோல்ஃப் ஆடப் போனப்ப உங்களைப் பாத்துட்டு வந்தாரே மாமா, ரொம்ப இளைச்சுட்டீங்கன்னு சொன்னார். நல்லாத்தானே இருக்கீங்க!"

அப்பாவின் கை நின்றது.

இல்மாரி யாரையும் பார்க்காமல் சோயா சாஸை ஊற்றிக்கொண்டான். "ஹெல்சிங்கில விமானம் மாறினேன். ஆறு மணி நேரம்தான் இருந்துச்சு. எங்க போறது?"

"டிக்குரிலாவுக்கு, ரயில்ல எட்டு நிமிஷம்டா" என்றேன்.

"ஓய்வறையில கொஞ்சம் படுத்துட்டேன். என் முதுகு…"

"முதுகெலும்பு இருக்கிறவனுக்குத்தான்டா முதுகு வலிக்கும்" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. மீதி மீனைச் சாப்பிட்டு முடித்தார்.

சனாயேவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. அவள் கணவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எங்கள் குடும்பத்துக்கு அவள் முழுதாக வந்து சேர்ந்தது அந்த நிமிடத்தில்தான்.

மறுநாள் அவள் விடுப்பு எடுத்து அப்பாவையும் என்னையும் காமாகுராவுக்குக் கூட்டிப்போனாள். கடலோர ரயிலில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, பிரேக் போடும் விதத்தைக் குறை சொல்லியபடி வந்தார் அப்பா. இல்மாரி அலுவலகம் போனான். நாங்கள் திரும்பும் நாளிலும் போனான்.

இந்த ஜூனில் சனாயே தனியாக எங்கள் ஏரிக்கரைக் குடிலுக்கு வந்தாள். நடுக்கோடை விழாவன்று, சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கைபேசி அடித்தது.

"பதிமூணு மணி நேரம்! ரொம்பக் கஷ்டப்பட்டியா?" இல்மாரியின் குரல் எனக்கும் கேட்டது.

"ரெண்டு படம் பாத்தேன், வந்துட்டேன்" என்று சொல்லிக் கைபேசியை அணைத்தாள்.

"யாரும்மா அது?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அப்பா.

"யாரோ தூரத்துலேருந்து, மாமா" என்றாள் சனாயே.