நெற்றி வெள்ளை

ஆட்டின் கண்ணால் உலகத்தைக் காட்டப் போகிறேன் என்றார் இயக்குநர் ஜெரின். நாற்பது நாளும் கேமரா என் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. நாயகன் என் கிடாய் சுந்தரன். சினிமாவுக்கு விலங்கு பழக்குவது என் பிழைப்பு. தாயில்லாத அவனைப் பால்புட்டியில் வளர்த்தேன். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைத் திட்டு. ஓடவும் விழவும் ஒரு டூப் கிடாய் உண்டு. ஒப்பனைக்காரன் பினு அதன் நெற்றியில் வெள்ளை தீட்டுவான். அது திருச்சூர் இறைச்சிக் கடைக்காரர் வறீது சேட்டனுடையது. வேலை முடிந்ததும் வெள்ளையைக் கழுவிவிட்டு அவர் பட்டியிலேயே விட வேண்டும். அதைப் பற்றி நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

கடைசிக் காட்சியை அந்தப் பட்டியில்தான் எடுத்தார்கள். சனிக்கிழமை. சுந்தரன் முகத்தை எடுத்து முடித்ததும் நான் டீ குடிக்கப் போனேன். கூட்டத்துக்கு ஆடு போதவில்லை என்று ஜெரின் கத்தியிருக்கிறார். பினு சுந்தரனின் வெள்ளைமேல் கறுப்பைப் பூசிப் பட்டிக்குள் விட்டுவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி.

திரும்பி வந்தபோது வறீது சேட்டன் அவசரப்படுத்தினார்.

"தாசா, எதுடா உன் ஆளு? அவுத்துட்டுக் கெளம்பு. விடிஞ்சா ஞாயித்துக்கெழம, எனக்குத் தலைக்கு மேல வேல."

"வெள்ள நெத்திதான் சேட்டா. வேற எது?"

வெளியே கட்டியிருந்த வெள்ளை நெற்றியை அவிழ்த்து வண்டியில் ஏற்றினேன். டூப்பைக் கழுவிப் பட்டிக்குள் விட்டிருப்பான் பினு என்று நினைத்தேன். பட்டிக்குள் ஒரு கறுப்புக் கிடாய் விடாமல் கத்தியது. ஒலிப்பதிவுக்கு வந்த சஜிதா மைக்கை நீட்டினாள்.

"தாசேட்டா, உங்களையே பாத்துக் கத்துது!"

"சான்ஸ் கேக்குதும்மா. புடிச்சு வச்சுக்கோ, படத்துக்கு ஆகும்."

மறுநாள் குளிப்பாட்டும்போது வெள்ளை என் கையோடு வந்தது. நாற்பது நாள் ஆட்டின் கண்ணைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த நான் ஆட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. உடனே போன் செய்தேன்.

"ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு மேல எங்கிட்ட என்னடா இருக்கும்?" என்றார் வறீது சேட்டன்.

படம் வந்தது. எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று முதலில் போட்டார்கள். பொய்யில்லை, படப்பிடிப்பு சனிக்கிழமையே முடிந்துவிட்டதே. முடிவில் திரை இருண்டு அந்தக் கத்தல் மட்டும் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னமா நடிக்க வச்சிருக்கான்!"

பால்புட்டியோடு நான் வரத் தாமதமானால் சுந்தரன் அப்படித்தான் கத்துவான்.