மூன்றாம் வார்டின் முதல் கடிதம்

ஹார்லன் டெஸ்டால் கவுன்சிலரான கதையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். மில்லர்ஸ்ஃபோர்டு நகரத்தின் மூன்றாம் வார்டுக்கு அந்த வருஷம் ஒருவரும் மனுப் போடவில்லை. வாக்குச்சீட்டில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு கிடந்தது. அவருடைய மனைவி வெர்னா, அந்தக் கோட்டின் மேல் பென்சிலால் புருஷன் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டாள். பக்கத்து வீட்டு ஆர்லோவையும் அவன் மனைவியையும் அப்படியே எழுத வைத்தாள். அப்போது பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஹார்லன் அன்றைக்கு ஓட்டுப் போடவே போகவில்லை. எதிர்த்து நிற்க ஆளில்லை, மூன்றே ஓட்டில் ஜெயித்துவிட்டார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுவிட்டாயே என்று அவர் வெர்னாவிடம் சண்டை போட்டார். அவள் அசரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அவர் 'கவுன்சிலரய்யா'தான். "கவுன்சிலரய்யா, குப்பைய வெளிய வைக்கணும்" என்பாள். இரண்டு வருஷம் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், ஒரு வசந்தகாலத்தில் கணையத்தில் புற்று என்று தெரிந்து ஏழே வாரத்தில் போய்விட்டாள்.

அவள் கையால் எழுதிய அந்தச் சீட்டைத் தர முடியுமா என்று ஹார்லன் நகராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தார். பழைய சீட்டுகளை இருபத்திரண்டு மாதம்தான் வைத்திருப்பார்களாம், பிறகு கிழித்துவிடுவார்களாம். சீட்டு போய்விட்டது, பதவி மட்டும் மிஞ்சியது. அடுத்தடுத்த தேர்தல்களிலும் எவனும் போட்டிக்கு வரவில்லை. அவரும் விடவில்லை. அறுபத்தொன்பது வயதில் அந்த மனிதருக்கு அரசியல் ஆசையா என்று ஊரில் கேலி பேசினார்கள். ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. வெர்னா கடைசியாக அவருக்குச் செய்த குறும்பு அது. அதை எப்படிக் கைவிடுவார்?

மூன்றாம் வார்டில் கணக்குப்படி ஆயிரத்து இருநூற்று அறுபது பேர். அதில் பிர்ச் தெருவின் பதினோரு வீடுகளில் இருப்பவர்கள் ஐம்பத்தாறு பேர். மீதி ஆயிரத்து இருநூற்று நான்கு பேர் தெருக்கோடிக்கு அப்பால் மதிலுக்குள்ளே, மாநிலச் சிறையில். அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் யார் எங்கே படுத்துத் தூங்குகிறார்களோ அங்கேதான் எண்ணுவார்கள். அதனால் தூரத்து மில்வாக்கி நகரத்தில் வீடு வாசல் உள்ளவன்கூட மில்லர்ஸ்ஃபோர்டு குடிமகனாகிவிடுவான். அந்தத் தலைகளை வைத்துத்தான் வார்டும் பிரித்தார்கள், சட்டமன்றத் தொகுதியும் பிரித்தார்கள்.

இதை மாற்றத்தான் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. தொகுதிக் கோடு போடும்போது கைதிகளை அவரவர் சொந்த வீட்டு விலாசத்தில் எண்ண வேண்டும் என்பது மசோதா. அது நிறைவேறினால் மூன்றாம் வார்டு என்று ஒன்று இருக்காது. ஐம்பத்தாறு பேரை வைத்துக்கொண்டு வார்டா நடத்த முடியும்? இரண்டாம் வார்டோடு ஒட்டிவிடுவார்கள். ஹார்லனின் நாற்காலியும் போய்விடும்.

மேயர் டுவேன் க்ரல் கொதித்துப் போனார். வார்டில் உள்ள எல்லோருக்கும் தபால் அட்டை அனுப்பச் சொன்னார். 'உங்கள் வார்டுக்கு ஆபத்து. உங்கள் கவுன்சிலரைப் பறிக்கப் பார்க்கிறார்கள். உங்களுக்கு எந்தக் குறை இருந்தாலும் கவுன்சிலர் ஹார்லன் டெஸ்டாலுக்கு எழுதுங்கள்.' அலுவலகத்துப் பெண் புதிது. எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தானே? எண்ணி ஆயிரத்து இருநூற்று அறுபது அட்டை அச்சடித்து அனுப்பிவிட்டாள். அதில் ஆயிரத்து இருநூற்று நான்கு அட்டை நேரே சிறைக்குள் போனது. விஷயம் தெரிந்ததும் மேயர் தலையில் அடித்துக்கொண்டார். ஊர் ஒரு வாரம் சிரித்தது.

நவம்பர் முதல் வாரத்தில் ஹார்லனுக்கு ஒரு கடிதம் வந்தது. கவுன்சிலராகி ஆறு வருஷத்தில் அவருக்கு வந்த முதல் கடிதம். பிர்ச் தெருக்காரர்களுக்குக் குறை இருந்தால் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லிவிடுவார்கள்.

'மதிப்புக்குரிய கவுன்சிலருக்கு, உங்கள் அட்டை கிடைத்தது. எனக்கு ஒரு கவுன்சிலர் உண்டு என்று இதுவரை தெரியாது. குறை இருந்தால் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு ஒரே ஒரு குறை. என் அம்மா மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை மில்வாக்கியிலிருந்து பஸ்ஸில் என்னைப் பார்க்க வருகிறாள். பஸ் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து யாரோ காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறாள். ஆனால் குளிர்காலத்தில் அவள் ஷூ கணுக்கால்வரை நனைந்திருக்கிறது. நாற்காலிக்கு அடியில் காலை இழுத்து மறைத்துக்கொள்கிறாள். அவளுக்கு எழுபத்திரண்டு வயது. அந்தச் சாலையில் பனி தள்ள ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா? நான் எழுதியதை அவளிடம் சொல்லவேண்டாம். அவள் மறைப்பது எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் வருத்தப்படுவாள். இப்படிக்கு, கார்னெல் ப்ரிஜ்ஃபோர்த், உங்கள் வார்டு.'

'உங்கள் வார்டு' என்ற இடத்தில் ஹார்லன் நின்றுவிட்டார். பிர்ச் தெருவில் பனி விழுந்தால் விடிவதற்குள் தள்ளிவிட ஏற்பாடு செய்பவர் அவர். அந்தத் தெரு முடிந்து சிறைச்சாலைக்குப் போகும் ஒன்றரை மைலை ஒருநாளும் நினைத்ததில்லை. அங்கே யாருக்கும் ஓட்டு இல்லை. காரணம் அவ்வளவுதான். அது தெரிந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

விசாரித்துப் பார்த்தார். நகராட்சி அது மாவட்டச் சாலை என்றது. மாவட்டம், மாநிலச் சாலை என்றது. மாநிலத்தில் கேட்டால், உங்கள் நகராட்சியைக் கேளுங்கள் என்றார்கள். சரிதான் என்று இரண்டாம் சனிக்கிழமை தன்னுடைய பழைய வண்டியின் முன்னால் பனி தள்ளும் தகட்டை மாட்டிக்கொண்டு தானே கிளம்பினார்.

பஸ் வந்துபோய் அரை மணி ஆகியிருந்தது. சாலையோரம் ஊதாநிறக் கோட்டும் சர்ச்சுக்குப் போடும் தொப்பியுமாக ஒரு கறுப்பினப் பெண்மணி, நனைந்த பனியில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தார். அவர்தான் லுவெல்லா ப்ரிஜ்ஃபோர்த். ஹார்லன் வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொன்னார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முன்னப்பின்ன தெரியாதவங்க வண்டியில நான் ஏறமாட்டேன்."

"நான் இந்த வார்டு கவுன்சிலர்மா."

"அப்படியா? அப்ப ரோட்டப் பார்த்தா கவுன்சிலர் இருக்கற மாதிரியே தெரியலியே."

ஹார்லன் வண்டியை முன்னால் விட்டுப் பனியைத் தள்ளிக்கொண்டே மெதுவாக ஓட்டினார். லுவெல்லா பின்னாலேயே ராணி மாதிரி நடந்து வந்தார். நூறு கெஜம் போனதும் முழங்கால் வலித்ததோ, சிரிப்பு வந்ததோ, தானே கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

போகிற வழியில் மகனைப் பற்றிச் சொன்னார். கடையொன்றில் கொள்ளையடிக்கப் போய் ஒரு மனிதனைக் காயப்படுத்திவிட்டான், பதினாறு வருஷத் தண்டனை, ஒன்பது முடிந்திருக்கிறது. செய்ததைச் செய்யவில்லை என்று சொல்கிற பிள்ளை இல்லை அவன். போன ஜனவரியில் நடந்து போய்ச் சேர்வதற்குள் பதினொரு நிமிஷம் தாமதமாகிவிட்டது, கேட்டை மூடிவிட்டார்கள். திரும்பி நடந்துபோய் பஸ் ஏறி, காய்ச்சலால் வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டாராம். இனி ஒரு குளிர்காலம் இந்த முழங்கால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையும் அவனிடம் சொல்லவில்லை.

"நான் நடந்து வர்றது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா வராதேன்னுடுவான். நீங்க வாயத் தொறக்கக்கூடாது."

ஹார்லன் சத்தியம் பண்ணினார். மகனின் கடிதம் அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் திருட்டு முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இறங்கும்போது லுவெல்லா இன்னொன்றும் சொன்னார். மசோதாவைப் பற்றிச் சட்டமன்றக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் விசாரணைக்கு சர்ச்சிலிருந்து போகிறார்களாம், அவரும் பேசப்போகிறாராம். "கணக்கெடுக்க வந்தவங்க, வீட்டுல எத்தன பேருன்னு கேட்டாங்க. ஒன்னுன்னு சொன்னேன். பெத்தவ வாயாலயே அவன இல்லேன்னுட்டேன் பாருங்க."

ஹார்லனும் அந்த விசாரணைக்குப் போக இருந்தார், எதிர்த்துப் பேசுவதற்கு. என்ன பேசவேண்டும் என்று மேயர் தட்டச்சு செய்தே கொடுத்துவிட்டார். அதை அந்த அம்மாளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

டிசம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மாநிலத் தலைநகரில் விசாரணை. பேச விரும்புகிறவர்கள் வாசலில் ஒரு சின்னத் தாளை நிரப்பிக் கொடுக்கவேண்டும். பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா, யார் சார்பில். ஹார்லன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஆதரவு என்று எழுதினால் வெர்னா கொடுத்தது போய்விடும். அவள் எழுத்தும் போய், அவள் கூப்பிட்ட பெயரும் போய், வெறும் ஹார்லனாக வீட்டுக்குத் திரும்பவேண்டும். எதிர்ப்பு என்று போட்டார். போட்டது கையில் முள்ளாகக் குத்தியது.

அவர் முறை வந்தது. மேயர் கொடுத்த தாளில் இரண்டு வரிதான் படித்திருப்பார். மசோதாவைப் பிடிக்காத ஓர் உறுப்பினர், உதவி செய்கிற எண்ணத்தில், சிறையில் இருப்பவர்களையும் தன் மக்களாகத்தானே நினைத்து வேலை செய்கிறார் கவுன்சிலர், அவர்களும் அவரிடம் குறை சொல்லுகிறார்கள்தானே என்று எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்றால் முடிந்தது.

"ஆறு வருஷத்துல ஒருத்தர் எழுதியிருக்கார்" என்றார் ஹார்லன்.

என்ன கேட்டார் என்றார் உறுப்பினர்.

ஹார்லன் திரும்பிப் பார்த்தார். நான்காம் வரிசையில் ஊதாநிறக் கோட்டு. பொய் சொல்ல முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. தாய், பிள்ளை இரண்டு பேர் ரகசியத்தையும் காப்பாற்ற இனி வழி இல்லை என்று தெரிந்துபோயிற்று.

"அவங்க அம்மா ஷூ நனையுதுன்னு எழுதியிருந்தார். கார்ல வர்றேன்னு அம்மா சொல்றாங்க, ஆனா நடந்துதான் வர்றாங்கன்னு அவருக்குத் தெரியும். அந்த ரோட்டுல பனி தள்ளச் சொல்லிக் கேட்டார். தனக்குன்னு ஒன்னும் கேக்கல. அந்தக் கடிதம் வர்றதுக்கு முன்னால நான் ஒருநாளும் தள்ளினதில்ல. அங்க ஓட்டு இல்ல, அதான். அவர் தலைய எண்ணித்தான் நான் கவுன்சிலர். ஆனா அவர் எங்க ஊர் ஆள் இல்ல. அவர் மனசு அவங்க அம்மா வீட்டுலதான் இருக்கு. அங்கேயே எண்ணுங்க. அந்தத் தாள்ல எதிர்ப்புன்னு எழுதிட்டேன். மாத்திக்கலாமா?"

மாற்றிக்கொள்ளலாம் என்றார் குழுத் தலைவி. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சிறிது நேரத்தில் லுவெல்லாவைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்ததைப் பிரித்தார், மடித்தார். "அவன் என் பிள்ளை. என் வீட்டுல எண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

வெளியே நடைக்கூடத்தில் ஹார்லனைப் பிடித்துக்கொண்டார். திட்டு விழப்போகிறது என்று அவர் தலையைக் குனிந்து நின்றார். கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். லுவெல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ஒன்பது வருஷமா அவன் என் முகத்தப் பார்த்துப் பேசறான்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார். பிறகு அழுதார். ஹார்லனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. புதுவருஷத்துக்குப் பிறகுதான் வாக்கெடுப்பு என்கிறார்கள். மேயர் ஹார்லனோடு பேசுவதில்லை. அன்று வீடு திரும்பியதும் வெர்னாவின் படத்துக்கு முன்னால் நின்று, "போகப்போகுது வெர்னா" என்றார். கோபித்துக்கொள்ள மாட்டாள், சிரித்துவிட்டுக் குப்பையை வெளியே வைக்கச் சொல்லுவாள் என்று தோன்றியது. போய்க் குப்பையை வெளியே வைத்தார்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை கொட்டோ கொட்டென்று பனி. ஹார்லன் விடியற்காலையிலேயே ஒன்றரை மைலையும் தள்ளிவிட்டு, பஸ் வரும் நேரத்துக்கு நெடுஞ்சாலையில் போய் நின்றார். லுவெல்லாவைக் கேட் வாசலிலேயே இறக்கிவிட்டுக் காத்திருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்து வண்டியில் ஏறினார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உள்ள வந்தவன் என் முகத்தப் பார்க்கலய்யா" என்றார். "குனிஞ்சு நாற்காலிக்கடியில என் காலத்தான் பார்த்தான். நானும் நல்லா பாருடான்னு ரெண்டு காலையும் முன்னால நீட்டிக் காமிச்சேன்."

ஹார்லன் வண்டியைக் கிளப்பினார். போகும் வழியெல்லாம் லுவெல்லா நனையாத தன் ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தார்.